சாமான் வைக்கும் குடோன் நடத்தப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

ஒரு புரட்டாசி. மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓர் அம்மா போன் செய்தார். “தம்பி, எங்க சாமான்ல கொலு பொம்மைப் பெட்டி ரெண்டு இருக்கு. நாளைக்கு வந்தா எடுத்துக்கலாமா?” தாராளமா வாங்கம்மா என்றேன். மறுநாள் பத்து மணிக்கு மகனோடு வந்துவிட்டார். பெட்டிகள் கைக்கு வந்தபோது மணி ஒன்றரை.

அவர்கள் வீட்டுச் சாமான் மொத்தம் 46 உருப்படி. வீட்டைக் காலி செய்த அன்று பரணில் இருந்த பொம்மைப் பெட்டிகளைக் கடைசியாக இறக்கி, வண்டியின் வாசலில் வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் குடோனில் அவைதான் முதலில் இறங்கின, நேராகக் கடைசி மூலைக்குப் போய்விட்டன. அவற்றுக்கு முன்னால் கட்டில் பலகைகள், அதற்கு முன்னால் பீரோ, வாசலில் வாஷிங் மெஷின். இரண்டு லோடுமேன் அண்ணன்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பெட்டியைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அடுக்கினார்கள். அந்த அம்மா மூன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் நோட்டில் எழுதினேன்: “சாமான் உள்ளே வரும்போதே, இதில் எது நடுவில் தேவைப்படும் என்று கேட்க வேண்டும்.” அன்றிலிருந்து அப்படிப்பட்ட பெட்டிகளில் மஞ்சள் டேப் ஒட்டுகிறோம். மஞ்சள் டேப் போட்ட பெட்டிக்கு இடம் எப்போதும் வாசல் பக்கம்தான், இடுப்பு உயரத்தில். இப்போது கொலுப் பெட்டியை எடுத்துத் தரப் பத்து நிமிஷம் போதும்.

வீட்டுச் சாமானை மாத வாடகைக்கு வைக்க இடம் தரும் செல்ஃப் ஸ்டோரேஜ் தொழிலில் புதுமையாக யோசிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் ஆப் செய்ய எவ்வளவு ஆகும், ஷட்டருக்கு ஸ்மார்ட் லாக் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் தேவைப்படும்போது வரட்டும். உங்கள் இடத்தில் யார், எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் வேலை இருக்கிறது. சென்னையில் சின்ன அளவில் ஆரம்பிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து, படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் தொழில் இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் வேர் பிடித்தது. வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். வாடிக்கையாளரே பூட்டுவார், சாவியும் அவரிடமே இருக்கும். 1972இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பப்ளிக் ஸ்டோரேஜ் இந்த முறையில்தான் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அங்கே வீட்டுக்கு வீடு கார் உண்டு, வாடிக்கையாளர்களே சாமானைக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

நம் ஊரில் பீரோவைத் தானே தூக்கி வரும் குடும்பம் எத்தனை? அதனால் இங்கே பெரும்பாலும் நாமே குட்டியானை வண்டி அனுப்பி, பேக் செய்து, ஏற்றி வந்து, பெட்டிக்கு எண் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. அந்த முறையைப் பிடித்ததே நம் ஊருக்கான முதல் புதுமை என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு முறைக்கும் சட்டப் பொறுப்பு வேறு. பூட்டும் சாவியும் வாடிக்கையாளரிடம் இருந்தால், நீங்கள் இடத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்கிறீர்கள். அதற்கு லைசென்ஸ் ஒப்பந்தம் எழுதுவார்கள். பொருளை நீங்கள் வாங்கிப் பத்திரப்படுத்தினால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அது ஒப்படைப்பு. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி என்று வாய்ப்பேச்சில் கலந்துவிடாதீர்கள். வக்கீலிடம் இரண்டு தனித்தனி ஒப்பந்தம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்கும்போது டீக்கடையில் நில்லுங்கள்

மாதவரம், செங்குன்றம் பக்கம் குடோன்கள் நிறைய. தெற்கே பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் நிறைய, அதாவது வாடிக்கையாளர்கள் நிறைய. வாடகை, தூரம், சாலை அகலம் எல்லாம் பார்ப்பீர்கள், சரி. எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று புரோக்கரிடம் கேட்க வேண்டாம். எதிர் டீக்கடையில் கேளுங்கள். பக்கத்து காம்பவுண்டுச் சுவரில் கறை இருக்கும், கையால் அளந்து பாருங்கள்.

தண்ணீர் வந்த இடம்தான் கிடைக்கிறது என்றால், தரைமட்டம் அந்தக் கறைக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் குறைவு என்று ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு டிசம்பர் போதும், ஐம்பது குடும்பத்தின் கல்யாண ஆல்பம் உங்கள் கணக்கில் நனைந்துவிடும்.

கணக்கு: உயரத்தில்தான் லாபம்

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்களை உங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

2,000 சதுர அடி குடோன், சதுர அடிக்கு 25 ரூபாய் வாடகை என்றால் மாதம் 50,000. இரண்டு ஆட்கள் சம்பளம் 36,000. மின்சாரம், கேமரா, பூச்சி மருந்து, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 14,000. ஆக ஒரு லட்சம். நடைபாதை, வண்டி நிற்கும் இடம், மேஜை போட்ட இடம் போக, சாமான் வைக்க மிஞ்சுவது 1,200 சதுர அடி. அதில் 70 சதவீதம் நிரம்பியிருந்தால் 840 சதுர அடிக்குத்தான் பணம் வரும். கை நஷ்டம் இல்லாமல் இருக்கவே சதுர அடிக்கு 119 ரூபாய் வாங்க வேண்டும். இந்த விலை சொன்னால் போனை வைத்துவிடுவார்கள்.

இப்போது அண்ணாந்து பாருங்கள். கூரை 20 அடியில் இருக்கும். தரையில் மட்டும் அடுக்கினால் அதில் பாதி வெறும் காற்று. ஸ்லாட்டட் ஆங்கிளில் (துளை போட்ட இரும்புச் சட்டம்) இன்னொரு தட்டுப் போட்டால் 1,200 என்பது 2,400 ஆகும். ரேக் தவணைக்கு மாதம் 15,000 கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், அதே 70 சதவீதத்தில் சதுர அடிக்கு 69 ரூபாயில் செலவு கட்டிவிடும். ரேக்கைத் தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு இறுக்குவதும், எடை எவ்வளவு தாங்கும் என்று தட்டுக்குத் தட்டு எழுதி ஒட்டுவதும் கட்டாயம். மேல் தட்டில் இலேசான பெட்டிகளும் மெத்தையும் போகட்டும். பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் கீழே.

ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு நன்றாக அடுக்கினால் 5க்கு 10 அடி இடம் போதும். இரண்டு படுக்கையறைக்கு 10க்கு 10 வேண்டும். ஆனால் வாடிக்கையாளருக்குச் சதுர அடி புரியாது, “எங்க வீட்டு சாமானுக்கு மாசம் எவ்வளவு?” என்றுதான் கேட்பார். உருப்படிக் கணக்கில் விலை சொல்லுங்கள். கட்டிலுக்கு இவ்வளவு, அட்டைப்பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு. இரண்டே நிமிஷத்தில் அவரே கூட்டிப் பார்த்துவிடுவார்.

ஜிஎஸ்டியையும் சேர்த்து யோசியுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். ஆரம்பத்திலேயே இதை மனதில் வைத்து விலை போடாவிட்டால், வளர்கிற வருஷம் வாடிக்கையாளரிடம் திடீரென்று கூட்டிக் கேட்க நேரும்.

பஞ்சாங்கத்தைப் பிரித்து வையுங்கள்

இந்தத் தொழிலைப் பற்றி இணையத்தில் படித்தால் விளம்பரம், தேடல் சொற்கள் என்று நிறையச் சொல்வார்கள். நம் ஊரில் யார் எப்போது சாமான் வைக்க வருகிறார்கள் என்பதைப் பஞ்சாங்கமே பாதி சொல்லிவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறப் பலர் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தம் ஆடி பார்த்து முடிவதில்லை. ஆனி கடைசியில் காலி செய்ய வேண்டிய குடும்பம், ஆவணியில்தான் புது வீட்டில் பால் காய்ச்சும். நடுவில் ஒரு மாதம் பெரியவர்கள் ஊரில், பிள்ளைகள் சித்தி வீட்டில், சாமான் எங்கே? “ஒரே மாசம்தான், எடுப்பீங்களா?” என்று கேட்டவர்களை ஆரம்பத்தில் திருப்பி அனுப்பினேன், குறைந்தது மூன்று மாதம் என்று விதி வைத்திருந்தேன். நோட்டில் பார்த்தால் ஒரே ஆனியில் அப்படி ஏழு பேர். அடுத்த வருஷம் ‘ஆடி மாசத் திட்டம்’ என்று 45 நாளுக்கு ஒரே தொகை போட்டேன். ஏற்றுவது, வைப்பது, புது வீட்டில் இறக்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். சிலர் வீடு கட்டி முடியாமல் தை வரைக்கும் தொடர்ந்தார்கள்.

இப்படியே யோசித்துக்கொண்டு போகலாம். கல்யாணச் சீர்வரிசை வந்துவிட்டது, தம்பதிக்கு இன்னும் வீடு அமையவில்லை. ஃபிளாட்டில் பரண் இல்லை, ஆனால் ஐந்து படி கொலுவுக்குப் பொம்மை இருக்கிறது. ஐடி வேலையில் இரண்டு வருஷம் வெளிநாடு போகிறார்கள். 2020 ஊரடங்கில் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனவர்களுக்கும் இப்படி ஓர் இடம் தேவைப்பட்டது. ஆடிட்டர் அலுவலகங்களில் கோப்பு குவிந்து கிடக்கும். கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களுக்குச் சதுர அடி வேண்டாம், பூட்டிய ஒரு ரேக்கும், கேட்ட அன்றே கோப்பை அனுப்பி வைக்கிற ஆளும் போதும்.

பெற்றோர் காலமான பிறகு வீட்டை விற்க வேண்டிய கட்டாயத்தில் வருகிற பிள்ளைகளும் உண்டு. அம்மாவின் தையல் மெஷினை எடைக்குப் போட மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் இருக்காது. அவர்களிடம் அவசரமாகப் பேசாதீர்கள். ஆறு மாதம் கழித்து வந்து எது வேண்டும் எது வேண்டாம் என்று நிதானமாகப் பிரிக்க, ஒரு மேஜையும் மின்விசிறியும் நாற்காலியும் போட்டுக் கொடுங்கள். நாங்கள் போட்டிருக்கிறோம். அதற்குத் தனியாக எதுவும் வாங்குவதில்லை.

நோட்டு எப்படி எழுதுவது

இதற்கு 100 பக்க நோட்டு ஒன்று போதும். மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: விசாரித்துவிட்டு வேண்டாம் என்று போனவர் என்ன காரணம் சொன்னார், வந்தவர் எங்கே காத்திருந்தார், நம் ஆட்கள் எதை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. போன் எடுப்பவர், லோடுமேன், இரவுக் காவலர் எல்லோரும் சொல்லட்டும், எழுதுவது ஒருவராக இருக்கட்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். எது அதிகமாகத் திரும்ப வருகிறதோ அதை ஒன்று மட்டும் எடுங்கள். ஒரு மாதம், குடோனின் ஒரு மூலையில், ஒரு மாற்றம். எதை வைத்து அளப்பது என்று முன்பே எழுதிவிடுங்கள், நிமிஷமா, ரூபாயா, போன் எண்ணிக்கையா. எடுபடவில்லை என்றால் வருத்தப்படாமல் நிறுத்திவிடலாம்.

24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று நாங்கள் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தோம். இரவு 9 மணிக்கு மேல் வந்தவர்கள் இரண்டே பேர், காவலருக்குக் கூடுதல் சம்பளம் போனதுதான் மிச்சம். நிறுத்திவிட்டு, நோட்டில் அடிக்கடி வந்திருந்த இன்னொரு கேள்வியை எடுத்தோம்: “ஞாயிற்றுக்கிழமை உண்டா?” இப்போது ஞாயிறு முழு நாள் திறப்பு, விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நல்ல காரியத்துக்குச் சாமான் எடுக்கத் தயங்குகிறவர்கள் நிறைய, அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

நல்ல யோசனை பெரும்பாலும் சாமான் தூக்குகிறவரிடமிருந்துதான் வரும். பாலிஷ் போட்ட தேக்கு மேஜைமேல் பபிள் ஷீட்டை நேராகச் சுற்றினால், நம் ஊர் வெக்கையில் குமிழ் குமிழாகத் தடம் விழுந்துவிடும். எங்கள் அண்ணன் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, “முதல்ல பழைய காட்டன் சேலை சுத்துவோம், அப்புறம் மேல ஷீட்டு” என்றார். வாடிக்கையாளர் வீட்டிலேயே பழைய சேலை கிடைக்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்தப் புகார் நின்றது. அந்த மாதச் சம்பளத்தோடு அவருக்கு 1,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம், எதற்காக என்று எல்லோர் முன்பும் சொல்லிக் கொடுத்தோம்.

ஈரம், பூச்சி, நெருப்பு

சென்னைக் காற்றின் ஈரம்தான் சாமானுக்கு முதல் எதிரி. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியை ஒவ்வொரு மூலையிலும் மாட்டி, காலை மாலை குறித்து வையுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தோல் செருப்பு, மரம், புத்தகம் எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்கும். முழுக் குடோனுக்கும் ஏசி போட முடியாது. ஒரு சின்ன அறையை மட்டும் நன்றாக அடைத்து ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து, பட்டு, ஆல்பம், வீணை, புத்தகத்துக்கு என்று தனி வாடகைக்கு விடலாம். பட்டுச் சேலைப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட விடாதீர்கள், ஜரிகை கறுத்துவிடும் என்பார்கள். நம் பாட்டிகள் வைத்த வசம்பு போதும்.

எதுவும் தரையைத் தொடக் கூடாது. மரப்பலகை போட்டு நாலு அங்குலமாவது தூக்கி வையுங்கள், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. கரையான் வந்தால் அந்த இடைவெளியில்தான் கண்ணில் படும்.

சமையலறைப் பெட்டிகளை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே திறந்து பாருங்கள். எவர்சில்வர் டப்பா ஒவ்வொன்றையும் குலுக்கிப் பாருங்கள். எங்களுக்கு வந்த ஒரு டப்பாவில் கால் கிலோ புட்டு மாவு இருந்திருக்கிறது, அவர்களுக்கே ஞாபகம் இல்லை. நாலு மாதத்தில் வண்டு மூடியைத் தாண்டி, பக்கத்துக் குடும்பத்தின் பெட்டிகளிலும் ஏறிவிட்டது. இரண்டு குடும்பத்துச் சாமானையும் வெயிலில் காய வைத்து, பாத்திரம் பண்டம் துடைத்து, மறுபடி அடுக்கிக் கொடுத்தோம். ஃபிரிட்ஜை ஒரு நாள் முன்பே அணைத்து உலர்த்தி, கதவு இடுக்கில் துணி வைத்து லேசாகத் திறந்தே வையுங்கள். வாஷிங் மெஷின் குழாயில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2016 ஜூனில் ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், சின்னச் சின்ன ஸ்டோரேஜ் அறைகளாகத் தடுத்திருந்த ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் தீப்பிடித்தது. நான்கு நாளைக்கு மேல் எரிந்தது, தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். குறுகலான பாதை, பூட்டிய அறைகள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை. இடத்தைப் பிரிக்கும்போதே உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் போய் வரைபடத்தைக் காட்டுங்கள், உரிமத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பட்டாசு, பெயிண்ட் தின்னர், இன்வெர்ட்டர் பேட்டரி எதையும் வாங்காதீர்கள். பைக் வந்தால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். மின்சார ஸ்கூட்டரைப் பேட்டரியோடு எடுக்கவே வேண்டாம். உள்ளே யாரும் எதையும் சார்ஜ் போடக் கூடாது.

பணம் நின்றுபோனால்

எந்த ஆளும் முதல் மாதம் ஒழுங்காகக் கட்டுவார். ஏழாவது மாதம்தான் தெரியும். அமெரிக்க மாநிலங்களில் வாடகை பாக்கி வைத்தவர் சாமானை முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ஏலம் விட இதற்கென்றே சட்டங்கள் உண்டு. இங்கே அப்படி நினைத்துக்கொண்டு கைவைக்காதீர்கள். எத்தனை நாள் பாக்கி, எத்தனை நோட்டீஸ், அதற்குப் பிறகு என்ன என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, வக்கீல் சொன்னபடிதான் நடக்க வேண்டும்.

அந்த நிலை வராமல் தடுக்கும் வேலைகள் சின்னவை. இரண்டு மாத அட்வான்ஸ் வாங்குங்கள். யுபிஐ ஆட்டோபே போட்டுவிட்டால் மாதாமாதம் போன் அடிக்க வேண்டியதில்லை. வெளிநாடு போகிறவர் என்றால் சென்னையிலேயே இருக்கும் ஒரு சொந்தக்காரர் எண்ணும் கையெழுத்தும் வேண்டும். எங்கள் படிவத்தில் நாமினி என்று ஒரு கட்டம் சேர்த்தோம். ஒரு வாடிக்கையாளர் திடீரென்று காலமாகி, அண்ணனும் மனைவியும் தனித்தனியாக வந்து சாமான் கேட்டு நின்ற பிறகு சேர்த்தது அது. அன்று நாங்கள் யாரிடமும் கொடுக்க முடியாமல் தவித்த தவிப்பு இன்னொருவருக்கு வரக் கூடாது.

இன்சூரன்ஸ் உங்கள் கட்டடத்துக்கும் ரேக்குக்கும் மட்டுமா, வாடிக்கையாளர் சாமானுக்கும் சேர்த்தா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். தானாகச் சேராது. வாடிக்கையாளரிடம் மதிப்பை எழுதி வாங்கி, அந்தத் தொகைக்குப் பாலிசி எடுங்கள். நகை, ரொக்கம், அசல் பத்திரம் எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன் வாடிக்கையாளர் கண்ணெதிரே போட்டோ எடுத்து, எண்ணோடு வாட்ஸ்ஆப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். “என் மிக்ஸி எந்தப் பெட்டியில?” என்று துபாயிலிருந்து கேட்டால், 14ஆம் எண் என்று அவரே பார்த்துக்கொள்வார். பிறகு ஆப் செய்ய வேண்டுமானாலும் இந்தப் போட்டோ பழக்கத்தின் மேல்தான் செய்ய வேண்டும்.

அடுத்த குடோன் எப்போது

மூன்று மாதம் தொடர்ந்து 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்து, நோட்டில் “இடம் இல்லை என்று திருப்பினோம்” என்ற வரி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்தால் இரண்டாவது இடம் தேடலாம். அதுவரை இருக்கும் இடத்தின் கூரையையும் மூலைகளையும் இன்னொரு தடவை பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள் கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், வாசல் வாய்க்கால் மூன்றையும் நீங்களே நேரில் ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆவணி கடைசி வாரம் வந்தால் மஞ்சள் டேப் பெட்டி வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் நாங்களே போன் போடுகிறோம். “அம்மா, பொம்மைப் பெட்டி எந்த நாளைக்கு வேணும்? வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துடறோம்.”